குதிரைக் கொட்டிலில் ஒரு கொள்வனவுப் பாடம்

ஏலத்தில் சாமான் எடுப்பவர்கள் நம்மவர்களுக்குள் ஏராளம். தீயணைப்புத் தண்ணீரில் நனைந்த துணிக்கட்டு, துறைமுகத்தில் உரிமையாளர் எடுக்காமல் விட்ட கொள்கலன், லீசிங் கட்டத் தவறியதால் பறிபோன ஓட்டோ, மூடிய கடையின் கண்ணாடி அலுமாரி என்று எதையும் நாம் விட்டுவைப்பதில்லை. நானும் இருபது வருடங்களுக்கு மேலாக அந்தக் கூட்டத்தில் நின்று கை தூக்கியவன். ஏலத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பும் இருந்தது. அந்த நினைப்பு அமெரிக்காவில் ஒரு குதிரை ஏலத்தில் 1,150 டொலருக்கு உடைந்தது. காசு என்னுடையதல்ல, மச்சானுடையது. ஆகவே வெட்கம் இரண்டு மடங்கு.

வாசகர்களில் யாரும் குதிரை வாங்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் இந்த வாரம் இதை எழுதக் காரணம் உண்டு. விற்பவர் அதிகம் வாய் திறக்காத, பார்க்கக் கொஞ்ச நேரமே கிடைக்கிற, எடுத்தபின் திருப்பிக் கொடுக்க முடியாத எந்தச் சாமானையும் வாங்குவது எப்படி என்பதைக் குதிரை ஏலத்தைப் போல் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அங்கே தவறினால் காசு மட்டும் போவதில்லை. வாங்கியதன் முதுகில் ஒரு பிள்ளை ஏறப் போகிறது.

2016ஆம் ஆண்டு தங்கச்சியின் குடும்பத்தோடு மூன்று மாதம் தங்குவதற்காகப் பென்சில்வேனியா மாநிலத்துக்குப் போயிருந்தேன். மச்சான் நகரத்துக்கு வெளியே மூன்று ஏக்கர் காணியோடு பழைய வீடொன்றை வாங்கியிருந்தார். காணியில் ஒரு கொட்டிலும் மர வேலியும் இருந்தன. மருமகளுக்கு அப்போது 12 வயது. இரண்டு வருடமாகக் குதிரை ஓட்டப் பழகியவள், தனக்கென்று ஒன்று வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாள். தனியாரிடம் விசாரித்தால் நாலாயிரம், ஐயாயிரம் டொலர் என்றார்கள். "சேல் பார்ன்ல ஆயிரத்துக்கும் எடுக்கேலுமாம் மச்சான்" என்று அவர் சொன்னதும் எனக்கு உசார் பிறந்துவிட்டது. ஏலம்தானே, நான் இருக்கிறேன் என்றேன்.

சேல் பார்ன் என்பது கால்நடை விற்பதற்கென்றே கட்டிய பெரிய கொட்டில். அமெரிக்காவின் விவசாயப் பகுதிகளில் சின்னச் சின்ன ஊர்களிலும் ஒன்று இருக்கும். பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் மாவட்டத்து நியூ ஹாலண்ட் என்ற ஊரின் திங்கட்கிழமைக் குதிரை ஏலம் அந்த நாடெங்கும் பெயர் பெற்றது. அந்தப் பக்கம் ஆமிஷ் எனும் கிறிஸ்தவப் பிரிவினர் அதிகம். அவர்கள் சொந்தமாகக் கார் வைத்திருப்பதில்லை, குதிரை வண்டியில்தான் போவார்கள். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஸ்டாண்டர்ட்பிரெட் இனக் குதிரைகளை வண்டிக்கும், பெல்ஜியன் போன்ற கனத்த இனங்களை ஏருக்கும் வாங்குவார்கள். ஆகவே அங்கே குதிரை என்பது இன்றைக்கும் தினசரி வியாபாரச் சரக்கு. நாங்கள் போனது நியூ ஹாலண்டுக்கு அல்ல, அதைவிடச் சிறிய வேறொரு இடத்துக்கு. அதன் பெயர் இங்கே தேவையில்லை.

நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் சேணம், கடிவாளம், வண்டிச் சாமான்களை விற்பார்கள். பிறகு குதிரைகள். ஓட்டத் தெரிந்தவர் மேலேயிருந்து ஓட்டிக் காட்டுகிற குதிரைகள் முதலில் வரும். சேணமும் ஆளும் இல்லாமல் வெறுமனே ரிங்குக்குள் விரட்டி விடப்படுபவை கடைசியில். ரிங் என்பது மணல் பரப்பிய சிறு முற்றம், அதைச் சுற்றிப் படிப்படியாக வாங்குகள். வாங்குபவர் அலுவலகத்தில் பெயரைப் பதிந்து இலக்க அட்டை எடுக்க வேண்டும். ஏலக்காரர் மூச்சு விடாமல் பாட்டுப் போல் விலையை ஓட்டுவார். ஒரு குதிரைக்கு ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். அதற்குள் நீங்கள் அதன் முன்பக்கத்தைப் பார்த்தீர்களா பின்பக்கத்தைப் பார்த்தீர்களா என்பதே ஞாபகத்தில் இருக்காது.

நாங்கள் போய்ச் சேர்ந்தது குதிரைகள் ரிங்குக்கு வரத் தொடங்கிய பிறகு. வழியில் சாப்பாட்டுக்கு நின்றதில் பிந்திவிட்டது. ஆறாவதோ ஏழாவதோ வந்தது ஒரு மண்ணிறக் குதிரை, காயடித்தது, ஒன்பது வயது என்றார்கள். தலையைத் தாழ்த்திக்கொண்டு அப்படியொரு அமைதி. ஓட்டியவர் அதன் வயிற்றுக்குக் கீழே குனிந்து போனார், வாலைப் பிடித்து இழுத்தார். அது கண்ணைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. "ஆடு மாதிரி ஈக்கிது மச்சான், இதத்தான் எடுக்கோணும்" என்று நான் காதுக்குள் சொன்னேன். 600இல் தொடங்கியது. சுவரோரம் தொப்பி போட்ட ஒருவர் எங்களோடு போட்டி போட்டார். 900க்கு மேல் மச்சான் தயங்கினார். நான் அவருடைய முழங்கையைத் தட்டினேன். 1,150க்குச் சுத்தியல் விழுந்தது. நாலாயிரம் டொலர்ச் சாமானை ஆயிரத்துச் சொச்சத்துக்கு எடுத்த சந்தோஷத்தில் அன்றிரவு நான்தான் அதிகம் பேசினேன்.

அடுத்த நாள் பின்னேரம் குதிரையின் கண் முழுதாகத் திறந்தது. கொட்டிலுக்குள் நுழைந்தவர்களைப் பார்த்துக் காதைப் பின்னால் மடித்தது. மூன்றாம் நாள் மருமகள் ஏறுவதற்காக மச்சான் சேணத்தை வைத்து வாரை இறுக்கியபோது முன்னங்கால் இரண்டையும் தூக்கி எழுந்தது. மச்சான் வேலியில் போய் மோதித் தோள்பட்டை வீங்கியது. பிள்ளை பத்தடி தூரத்தில் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதே நாள் மாலை குதிரை இடது முன்காலை ஊன்ற முடியாமல் நொண்டத் தொடங்கியது.

மிருக வைத்தியர் வந்தார். காலின் பின்புறத் தசைநாணில் பழைய காயம், ஓட்டும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வலிக்கும், வலி தாங்காமல்தான் ஆளை ஏற விடுவதில்லை என்றார். வாயைத் திறந்து மேல்வரிசையின் ஓரப் பல்லைக் காட்டினார். குதிரையின் அந்தப் பல்லில் ஏறக்குறைய 10 வயதில் ஈறோரம் ஒரு கோடு தோன்றும். 15 வயதளவில் பல்லின் பாதி வரை இறங்கும், 20 அளவில் நுனியைத் தொடும். எங்களுடைய "ஒன்பது வயதுக்" குதிரையில் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. ஏலத்தன்று இருந்த அமைதிக்கும் சீரான நடைக்கும் மருந்து காரணமாக இருக்கலாம் என்றார். அஸிப்ரோமசின் என்ற மருந்து குதிரையை மந்தமாக்கும். ஃபீனைல்பியூட்டசோன் வலியை அடக்கும், அதைச் சுருக்கமாக பியூட் என்பார்கள். வாங்கிய அன்றே இரத்தம் எடுத்து வைத்திருந்தால் பேசுவதற்கு ஓர் ஆதாரம் கையில் இருந்திருக்கும், இனி ஒன்றும் செய்ய இயலாது என்று சொல்லி, நோவுக்குத் தானும் அதே பியூட் பொடியை ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். அந்த டப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டுப் போனோம். அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினார்கள். வாயால் உத்தரவாதம் சொல்லி விற்றவை தவிர மற்ற எல்லாமே "உள்ளது உள்ளபடி". நாங்கள் எடுத்த குதிரைக்கு ஏலக்காரர் எந்த உத்தரவாதமும் சொல்லவில்லையாம். யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். "அமைதியான குதிரை, யாரும் ஓட்டலாம்" என்றாரே தவிரக் காலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வராத வார்த்தையைக் கேட்க எனக்குக் காது இருக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். பென்சில்வேனியா உட்பட அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் பின்பற்றுகிற ஒருசீர் வணிகச் சட்டக்கோவையில், "உள்ளது உள்ளபடி" என்று விற்றால் சொல்லாமலே பொருளோடு கூட வருகிற உத்தரவாதங்கள் நீங்கிவிடும். அத்தோடு, பொருளைப் பரிசோதிக்க இடமிருந்தும் மறுத்தவர், பரிசோதித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்காகப் பின்னர் முறையிட முடியாது. சுத்தியல் விழும்போது விற்பனை முடிந்துவிடுகிறது. இந்தக் கடைசி விதி நமக்கும் புதிதல்ல, நமது நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலும் அதுவே இருக்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் அது மோசடி, அதற்கு வழக்குப் போடலாம். ஆனால் 1,150 டொலருக்கு யார் சட்டத்தரணி வைப்பது?

குறையை மறைத்து விற்றதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு நமது ஃபிக்ஹில் கியாருல் ஐப் என்று பெயர். ஓதிப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கொட்டிலில் அதை யாரிடம் போய்க் கேட்பது?

இனி, பக்கத்துப் பண்ணையில் இருந்த எழுபது வயதுப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாலிபத்தில் குதிரை வாங்கி விற்றவர். எங்கள் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. எத்தனை மணிக்குப் போனீர்கள் என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். நான் நேரத்தைச் சொன்னதும் தலையாட்டினார். அடுத்த மாதம் எங்களையும் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போனார், ஏலம் தொடங்க மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே. இலக்க அட்டை எடுக்க விடவில்லை. அட்டை கையில் இருந்தால் கை தானாகத் தூக்கும் என்றார். அன்று எதையும் வாங்கவில்லை. நான் இருபது வருடத்தில் படிக்காததை அந்த மூன்று மணித்தியாலத்தில் படித்தேன்.

முதலில் வண்டிகள் வந்து நிற்கும் இடத்துக்குப் போனார். எந்தக் குதிரை எந்த லொறியில் வருகிறது என்று பார்க்கத்தான். பதினைந்து குதிரைகளோடு வருபவர் வியாபாரி. அவருக்குத் தன் குதிரையின் பூர்வீகம் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார். ஒற்றைக் குதிரையோடு குடும்பமாக வருபவருக்கு எல்லாம் தெரியும், பேச்சுக் கொடுத்தால் பாதியைச் சொல்லியும் விடுவார். போன முறை எங்களோடு போட்டி போட்ட தொப்பிக்காரர், மண்ணிறக் குதிரையை விற்ற வியாபாரியின் லொறியிலிருந்தே இறங்கியதை நான் அன்றுதான் கண்டேன். இருவரும் ஒரே போத்தலில் தேநீர் குடித்தார்கள். விலையை ஏற்றுவதற்காகக் கேட்பதை மார்க்கம் நஜ்ஷ் என்று தடுத்திருக்கிறது. அமெரிக்கச் சட்டத்திலும், விற்பவருக்காகக் கேட்கப்படுகிறது என்று அறிந்தே, முன்னறிவித்தல் இல்லாமல் ஏலக்காரர் அந்தக் கேள்வியை ஏற்றால், வாங்கியவர் விற்பனையை ரத்துச் செய்யலாம் அல்லது கடைசியாக வந்த நேர்மையான கேள்வியின் விலைக்கு எடுக்கலாம். ஆனால் ஒரே லொறியில் வந்தார்கள் என்பதைத் தவிர என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது?

பிறகு கட்டுமிடங்களுக்குப் போனோம். பெரியவர் குதிரையைத் தொடுவதற்கு முன்பு சும்மா நின்று பார்த்தார். கீழுதடு தளர்ந்து தொங்குகிறதா, கால் தடுமாறுகிறதா, சுற்றி இவ்வளவு சத்தத்திலும் காது அசையவில்லையா? அப்படியானால் அடுத்தது. பிறகு இரண்டு முன்கால்களையும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளால் மேலிருந்து கீழாகத் தடவினார். ஒரு காலைத் தொட்டால் ஒன்றும் தெரியாது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டால்தான் சூடும் வீக்கமும் தெரியும் என்றார். குளம்பில் ஏறுமாறான வளையங்கள் இருக்கின்றனவா, மேல் முன்பற்கள் நுனியில் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தார். பல் தேய்ந்தால் அது மரத்தைக் கவ்விக் காற்றை இழுக்கும் பழக்கமுள்ள குதிரை. மணலில் நடக்கவிட்டுப் பார்ப்பதை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. ரிங்கில் மணல் போடுவது சும்மா இல்லை என்று சிரித்தார். வாகனத் தரிப்பிடத்துக் கடினத் தரையில் ஓட்டிக் காட்டச் சொன்னார். முன்காலில் நோவு இருந்தால் அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும், நல்ல கால் தொடும்போது கீழே இறங்கும். ஐந்து பேரிடம் கேட்டார், இரண்டு பேர் நேரமில்லை என்றார்கள். அந்த இரண்டையும் நோட்டில் வெட்டிவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது கடதாசி பார்த்த விதம். அங்கே குதிரை விற்பதற்குக் கொகின்ஸ் சான்றிதழ் வேண்டும். குதிரைகளுக்கு வரும் ஒருவகைத் தொற்று இரத்தசோகைக்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. பிடித்த குதிரையைக் கொல்ல வேண்டும் அல்லது ஆயுள் முழுதும் ஒதுக்கி வைக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனையை லீரோய் கொகின்ஸ் என்ற மிருக வைத்திய விஞ்ஞானி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கினார். எல்லோரும் அந்தச் சான்றிதழில் நோய் இல்லை என்ற ஒரு சொல்லை மட்டும் பார்ப்பார்கள். பெரியவர் இரத்தம் எடுத்த திகதியையும், அன்றைய உரிமையாளரின் பெயரையும், வைத்தியர் எழுதிய வயதையும் பார்த்தார். போன வாரம் வியாபாரியின் பெயரில் எடுத்திருந்தால் அதில் ஒரு செய்தியும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் வேறொருவர் பெயரில் எடுத்திருந்தால், அந்தக் குதிரை கைமாறிய கதை அங்கே இருக்கிறது. அந்த ஆளுக்குத் தொலைபேசி எடுக்கலாம். எடுத்தார். இரண்டாவது அழைப்பிலேயே "அதை நாங்கள் விற்றது பிள்ளையை உதைத்ததால்" என்று பதில் வந்தது. நம்மில் எத்தனை பேர் ஏலத்தில் வாகனம் எடுக்கும்போது பழைய உரிமையாளருக்கு ஒரு கோல் எடுத்திருக்கிறோம்?

மதியம் வாங்கில் இருந்துகொண்டு விலையைப் பற்றிச் சொன்னார். வரிசையின் கடைசியில் நோட்டுப் புத்தகத்தோடு இருந்த மூன்று பேரைக் காட்டினார். இறைச்சிக்காகக் குதிரை வாங்குபவர்கள். அமெரிக்காவில் இருந்த கடைசிக் குதிரை அறுப்புக் கூடங்கள் 2007இல் மூடப்பட்டன. அதன்பின் இவர்கள் வாங்குவதை எல்லை தாண்டிக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் அனுப்பினார்கள். இவர்கள் கணக்குப் பார்ப்பது நிறையை மட்டும்தான். குணம், வயது, அழகு எதுவும் வேண்டாம். ஆகவே இவர்கள் கேட்கிற விலைதான் ரிங்கின் தரைவிலை. ஒரு குதிரை அந்த விலையோடு நின்றுவிட்டால், அங்கே இருக்கும் அத்தனை அனுபவசாலிகளும் அதைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். மலிவு என்று நாம் நினைப்பது மற்றவர்கள் எல்லோரும் சொல்லிவிட்ட "வேண்டாம்". ஏலத்தில் வெல்பவர் அந்தச் சாமானுக்கு எல்லோரையும்விட அதிக மதிப்புப் போட்டவர். ஒன்று, மற்றவருக்குத் தெரியாத நல்லது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது மற்றவருக்குத் தெரிந்த கெட்டது அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அந்த ஜூன் மாதம் நாங்கள் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இதைச் சொன்னால் அங்கே எல்லோரும் ஸ்னோமேன் கதையைச் சொல்வார்கள். ஹாரி டிலேயர் என்ற நெதர்லாந்துக்காரர் 1956இல் நியூ ஹாலண்ட் ஏலத்துக்குத் தாமதமாகப் போய், விற்பனை முடிந்து அறுப்புக்கு ஏற்றிய லொறியில் நின்ற ஒரு வெள்ளைச் சாம்பல் நிற ஏர்க்குதிரையை 80 டொலருக்கு வாங்கினார். அதை அயலவருக்கு விற்றார். அது வேலிகளைத் தாண்டித் தாண்டித் திரும்பி வந்தது. அப்போதுதான் அதன் பாய்ச்சலைக் கண்டார். 1958இல் அது அமெரிக்காவின் தடைதாண்டல் சம்பியன். உண்மைக் கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் டிலேயர் பிறவிக் குதிரைக்காரர், குதிரையோட்டம் கற்பிக்கும் ஆசிரியர். லொறியின் பலகை இடுக்கினூடே அவர் பார்த்ததை மச்சானோ நானோ பார்த்திருக்க மாட்டோம். அவரே அதன் உண்மையான பெறுமதியை முதலில் அறியாமல் விற்றுவிட்டார் என்பதையும் கதை சொல்பவர்கள் சேர்த்துச் சொன்னால் நல்லது.

விலையில் ஏலவிலை ஒரு பகுதிதான். சாதாரணக் குதிரை நாளொன்றுக்குத் தன் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்புல் தின்னும். ஆயிரம் இறாத்தல் குதிரைக்கு 20 இறாத்தல், வருடத்துக்கு 7,300 இறாத்தல். ஆறு முதல் எட்டு வாரத்துக்கொரு தடவை குளம்பு சீவ வேண்டும். பல் ராவ, தடுப்பூசி போட, பூச்சிமருந்து கொடுக்க எல்லாம் தனித்தனிச் செலவு. ஏலத்தில் பல இடத்துக் குதிரைகள் மூக்கோடு மூக்கு நிற்பதால், வாங்கியதை இரண்டு மூன்று வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் வைத்து, காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்க வேண்டும். நல்ல குதிரையும் இதைத்தான் தின்னும், நொண்டிக் குதிரையும் இதைத்தான் தின்னும். நம்முடைய களஞ்சியத்தில் விற்காமல் கிடக்கும் சரக்குக்கு வாடகை ஏறுவது போலத்தான்.

நட்டம் யார் தலையில் என்பதை விலைக்கு முன்பே பேசிக்கொள்வது நம் முன்னோர் அறிந்த விடயம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டியருக்குக் கடல் வழியாகக் குதிரை வந்த வியாபாரத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். கைஸ் தீவின் ஜமாலுத்தீன் என்ற வணிகர் வருடம் 1,400 குதிரைகள் அனுப்புவது, குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார், கடலில் செத்தாலும் காயப்பட்டாலும் விலை அரச கருவூலத்திலிருந்து கிடைக்கும் என்பது உடன்பாடு. அப்படியொரு நிபந்தனையோடு விற்பது யாருக்குத்தான் கசக்கும்? சேல் பார்னில் நிலைமை நேர்மாறு. சுத்தியல் விழுந்த நொடியிலிருந்து சாவும் காயமும் வாங்கியவர் பாடு. அதை விலையிலேயே கழித்துக்கொண்டு கேட்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. பெரியவர் தான் பார்க்க முடியாமல் போன ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகையைக் கழித்து, கடைசி விலையை நோட்டில் எழுதிச் சுற்றிக் கோடு போட்டார். கோட்டைத் தாண்டி ஒரு டொலரும் கேட்பதில்லை.

ஓகஸ்ட் மாதம் மறுபடி போனபோது ஓர் ஆமிஷ் குடும்பம் 14 வயதுப் பெண் குதிரை ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டோம். வீதியில் மெதுவாகப் போகிறது, பிரார்த்தனைக்குப் பிந்துகிறது என்றார் வீட்டுக்காரர். முதுகில் ஆளேற்றிப் பழக்கமா என்றதற்கு, பிள்ளைகள் சேணமில்லாமலே ஏறுவார்கள் என்று தன் மகனை ஏற்றிக் காட்டினார். வண்டிக்காரருக்குக் குறையாக இருந்த அந்த மந்தம் எங்களுக்கு வேண்டிய குணம். ரிங்கில் காலுக்கும் மூச்சுக்கும் உத்தரவாதம் சொல்லியே விற்றார். 1,400 வரை நோட்டில் எழுதியிருந்தது, 1,225க்குக் கிடைத்தது. அன்றே இரத்தமும் எடுத்து வைத்தோம்.

அதே நாள் எங்கள் ட்ரெய்லரில் மண்ணிறக் குதிரையும் வந்திருந்தது. அதை விற்றுவிட வேண்டுமென்று சொன்னது நான்தான். இரண்டு மாத ஓய்வில் நடை ஓரளவு சீராகியிருந்தது. காலையில் ஒரு கரண்டி பியூட் பொடி போட்டால் ரிங்கில் எவருக்கும் தெரியாது. டப்பா அடுப்படி அலுமாரியில் இருந்தது. நமக்கு அப்படித்தானே விற்றார்கள், அறிவித்தலும் "உள்ளது உள்ளபடி" என்றுதானே சொல்கிறது என்று முதல் நாள் இரவு நான் வாதம் பண்ணினேன். மச்சான் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்த தங்கச்சிதான், "அத வாங்குறவனுக்கும் ஒரு புள்ள ஈக்கும் தானே நானா" என்றாள். டப்பா அலுமாரியிலேயே இருந்தது.

ரிங்கில் எங்கள் முறை வந்தபோது மச்சான் ஏலக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். வயது 16 அளவில், இடது முன்காலில் பழைய காயம், ஆளை ஏற்றாது. ஏலக்காரர் ஒருமுறை மச்சானின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒலிவாங்கியில் சொன்னார். வாங்குகளில் யாரும் அசையவில்லை. 375 டொலரில் நின்றது. கேட்டவர் கடைசி வரிசை நோட்டுப் புத்தகக்காரர். மச்சான் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். விற்கவில்லை என்று கையசைத்துவிட்டு, விற்காமல் திருப்பி எடுப்பதற்கான கட்டணத்தையும் கட்டி, இரண்டு குதிரைகளையும் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

பெண் குதிரையில் மருமகள் நான்கு வருடம் ஓடினாள். மண்ணிறம் 2021இல் சாகும்வரை அந்த மூன்று ஏக்கரில் மேய்ந்து கொண்டிருந்தது. அதுவரைக்கும் தங்கச்சி தொலைபேசியில் பேசும் போதெல்லாம் சுகம் விசாரித்து முடிந்ததும், "ஒங்கட குதிரைக்கி இந்த மாசமும் புல்லு வாங்கின நானா" என்று கணக்குச் சொல்வாள்.